கெஸ்டால்ட் உளமருத்துவமும் ஏனைக் கொள்கைகளும்

என்பால் முன்னர்த் தமிழ் பயின்று, இப்பொழுது ஒரு கல்லூரியில் உளநூல் கற்பித்துவரும் நண்பரொருவர், சென்ற திங்களிற் கையெழுத்துப் படியொன்றைக் கொணர்ந்து, "ஐயா, சொல்வழுவும் சந்திவழுவும் களைந்து தருதல் வேண்டும்" என்று கேட்டுக்கொண்டார். மேனாட்டு உளமருத்துவக் கொள்கைகளைத் தமிழில் எடுத்துரைக்கும் நூல் அது. சொல்லைத் திருத்தப் புகுந்த யான் பொருளிலேயே தடைப்பட்டு நின்றேன். கொள்கைகளை ஒப்பிடும் இயலில் அவர் ஓர் அட்டவணை வரைந்திருந்தார். பிராய்டு இறந்தகாலத்தை நோக்குவார். ரோஜர்ஸ் அன்பு காட்டுவார். எல்லிஸ் எண்ணத்தைத் திருத்துவார். பெர்ல்ஸ் நிகழ்காலத்தைப் பற்றுவார் என்பது அதன் சாரம். தேர்வெழுதும் மாணாக்கர்க்கு இஃது எளிதாதல் கூடும். ஆயினும் ஒவ்வொரு வரியும் பாதி மெய். பாதி மெய்யை நான்கு முறை அடுக்குதலால் இரண்டு மெய் ஆகிவிடாது.

பிறர் கோளைக் கூறி மறுக்கப் புகுவோன், அக்கோளுடையானே கேட்டு 'ஆம், யான் கருதியது இதுவே' என்று உடன்படுமாறு முதற்கண் அதனைக் கூறல் வேண்டும் என்பது, யான் மடத்திற் பாடங் கேட்ட நாளில் ஆசிரியர் இட்ட கட்டளை. அம்முறை பற்றியே ஈண்டும் எழுதப் புகுந்தேன். இவற்றைச் சித்தாந்த நூற்பொருளோடு பொருத்திக் காட்டுமாறு அன்பர் சிலர் எதிர்பார்த்தல் கூடும். 'இக்கணத்து உணர்வு' என்றொரு தொடரைக் கண்ட மாத்திரையே, அஃது எம் நூலிலும் உளது என்று மகிழ்ந்து கூத்தாடுதல் ஆராய்ச்சியன்று. அவ்வொப்புமை ஈண்டு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

முதற்கண் சொல்லை நோக்குவாம். கெஸ்டால்ட் என்பது செருமானியச் சொல். உரு, வடிவு, அமைந்த தோற்றம் என்னும் பொருளது. நண்பர் இதனை 'முழுமை மருத்துவம்' என்று பெயர்த்திருந்தார். படிப்போர் அதனை உடம்பு முழுவதற்குஞ் செய்யும் மருத்துவம் என்று கொள்வரேயன்றி வேறு கொள்ளார். சொல்லின் வரலாறு வேறு. 1890-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய நாட்டு அறிஞர் எரன்பெல்ஸ் ஒரு வினாவை எழுப்பினார். ஒரு பாட்டைச் சுருதி மாற்றிப் பாடுங்கால் ஒலியெல்லாம் மாறிவிடுகின்றன. ஆயினும் கேட்போர் 'அதே பாட்டு' என்கின்றனர். மாறாது நின்றது யாது? தனித்தனி ஒலியன்று; அவற்றிடை நின்ற அமைப்பே. 1912-இல் வெர்தைமர், அடுத்தடுத்த இடங்களில் மாறி மாறித் தோன்றும் இரண்டு கோடுகளைக் கண்ணானது ஒரே கோடு நகர்வதாகக் காண்கின்றது என்று சோதனையால் நிறுவினார். 1915-இல் டென்மார்க்கு நாட்டு ரூபின், ஒரு படமே ஒருகால் பூச்சாடியாகவும் ஒருகால் எதிரெதிர் நோக்கிய இரண்டு முகங்களாகவும் தோன்றுதலைக் காட்டி, உரு இஃது, அதன் பின்னின்ற களம் இஃது என்னும் பகுப்பை நிலைநாட்டினார். இவற்றால் எழுந்ததே கெஸ்டால்ட் உளநூல்.

'முழுமையானது உறுப்புகளின் கூட்டுத்தொகையினும் மிகுதியுடையது' என்று நண்பர் எழுதியிருந்தார். ஏறத்தாழ எல்லோரும் அவ்வாறே எழுதுகின்றனர். அப்பள்ளியின் மூவருள் ஒருவராகிய கோப்கா 1935-இல் வெளியிட்ட நூலிற் கூறியது அதுவன்று. முழுமை கூட்டுத்தொகையின் வேறானது என்பதே அவர் கருத்து. மிகுதி என்பது அளவு பற்றியது. வேறு என்பது வகை பற்றியது. ஒரு சொல் பிறழ்ந்தமையால் ஒரு கொள்கையே பிறழ்ந்து பல்லாண்டுகளாக வழங்குகின்றது.

நிற்க. இவ்வுளநூலைத் தன் மருத்துவத்துக்குப் பெயராகச் சூட்டிக்கொண்டவர் பிரிட்ஸ் பெர்ல்ஸ். 1893-இல் பெர்லினிற் பிறந்து, முதல் உலகப்போரிற் போர்முனை கண்டு, மருத்துவமும் பிராய்டு முறை உளப்பகுப்பும் பயின்றவர். 1926-இல் பிராங்க்பர்ட்டு நகரில், மூளையிற் காயமுற்ற போர்வீரரை ஆராய்ந்த கோல்ட்ஸ்டைன் என்பாரிடம் உதவியாளராயிருந்தார். பின்னர் அவர் மனைவியான லாரா, அந்நகரிலேயே கெஸ்டால்ட் உளநூலை முறையாகக் கற்றவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933-இல் இருவரும் நாடு நீங்கி, ஆலந்து வழியாகத் தென்னாப்பிரிக்கா சேர்ந்தனர். 1936-இல் பெர்ல்ஸ் ஐரோப்பாவுக்கு மீண்டு வந்து பிராய்டைக் காணச் சென்றபோது, பெரியவர் வாயிலளவில் நின்று சில மொழிகளே பேசி அனுப்பிவிட்டனர். அப்புண் அவர்க்கு இறுதிவரை ஆறவில்லை என்பது அவர்தம் எழுத்தாலேயே விளங்கும். 1942-இல் தர்பனில் முதல் நூல் வெளிவந்தது. 1946-இல் அமெரிக்கா சென்றனர். 1951-இல் ஹெபர்லைன், பால் குட்மன் என்னும் இருவருடன் சேர்ந்து எழுதிய 'கெஸ்டால்ட் மருத்துவம்' என்னும் நூலே இக்கொள்கைக்கு மூலநூல். அதன் கோட்பாட்டுப் பகுதியைப் பெரும்பாலும் எழுதியவர் குட்மன். மறுவாண்டு நியூயார்க்கில் கழகம் நிறுவப்பட்டது. பெர்ல்ஸ் 1970-இற் காலமானார்.

பெயரளவிலன்றிப் பொருளளவில் இம்மருத்துவத்துக்கும் அவ்வுளநூலுக்கும் தொடர்பில்லை என்று 1975-இல் மேரி ஹென்லே என்னும் அம்மையார் வன்மையாக மறுத்துரைத்தார். அவர் வெர்தைமர் மரபிற் பழகியவர். பெர்ல்ஸ் தாமும் அந்நூல்களைத் தாம் நிரம்பக் கற்றிலர் என்பதை 1969-இல் வெளியான தம் வாழ்க்கைக் குறிப்பில் ஒளியாது கூறியுள்ளார். ஆயினும் ஹென்லே கூறியதை முழுவதும் ஒப்புதற்கில்லை. என்னை? உருவும் களமும் என்னும் பகுப்பு மெய்யாகவே இம்மருத்துவத்துக்கு உயிர்நிலை. பசித்தவன் தெருவிற் செல்லுங்கால் உணவுக்கடை ஒன்றே உருவாய் எழுகின்றது. ஏனையவெல்லாம் களமாய்ப் பின்னிடுகின்றன. உண்டபின் அக்கடை களத்தில் மறைய, வேறொன்று உருவாகின்றது. நலமுடையான் நெஞ்சம் இவ்வாறு ஓடிக்கொண்டேயிருக்கும். பசி தீராமலே அவ்வுருவை அடக்கிவிட்டவனுக்கு அது மறைவதுமில்லை, தெளிவதுமில்லை. பிறிதொன்றையும் செவ்வனே காணவொட்டாது. முடிந்த செயலினும் இடையே நிறுத்தப்பட்ட செயல் நினைவில் மிக நிற்கும் என்று செய்கார்னிக் என்னும் உருசிய அம்மையார் 1927-இற் காட்டிய சோதனையும் இதற்குத் துணையாயிற்று. 'முடிவுறாக் கருமம்' என்று இவர்கள் கூறுவது இதனையே.

இனி, அம்முடிவுறாத கருமத்தை எங்ஙனம் முடிப்பது? ஈண்டே பெர்ல்சின் தனிக்கோள் விளங்குகின்றது. 'ஏன்' என்று வினவற்க. 'எவ்வாறு' என்று நோக்குக என்பது அவர் விதி. 'ஏன் அழுகின்றாய்' என்று வினவின் ஒரு கதை கிடைக்கும்; கதைக்குப் பின் ஒரு கதை கிடைக்கும். 'எவ்வாறு அழுகையை அடக்குகின்றாய்' என்று நோக்கின், இறுகிய தாடையும் பிடித்து வைத்த மூச்சும் கண்முன்னே கிடைக்கின்றன. அவை நேற்றையனவல்ல, இப்பொழுது நிகழ்வன, ஆகலின் இப்பொழுதே மாற்றத்தக்கன. உடம்பை நோக்கும் இப்பழக்கம் அவர்க்கு வில்ஹெல்ம் ரீக்கிடமிருந்து வந்தது. வெற்று நாற்காலியை எதிரே இட்டு, அதில் தந்தையோ இறந்த தமக்கையோ இருப்பதாகக் கொண்டு பேசச் செய்யும் முறை மொரேனோவின் நாடக மருத்துவத்திலிருந்து வந்தது. கடன்பட்டவை பல. விளக்கத்தை விடுத்து வருணனையைப் பற்றிய துணிவொன்றே அவர்க்கு உரியது.

அவர் கூறும் தடைகளுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வேன். பிறர் கூறியதை மெல்லாமல் விழுங்குதல் என்பது அது. தாய் சொன்னாள், ஆசான் சொன்னான், ஊரார் சொன்னார் என்று உட்கொண்ட விதிகள் செரியாமல் அகத்தே கிடந்து, 'செய்க, செய்யற்க' என்று ஆணையிட்டுக்கொண்டிருக்கும். பல் முளைத்த குழந்தை கடித்தும் மென்றும் உண்ணுதல்போல, மனிதன் கருத்தையும் கடித்துச் சிதைத்தே தனதாக்கிக்கொள்ள வேண்டும் என்கின்றார். இவ்வுவமை அழகியது. ஆயினும் இதனை நிரம்பிய விதியாகக் கொள்ள என் மனம் இசையவில்லை. யான் எட்டாம் வயதில் நிகண்டைப் பொருளறியாமலே விழுங்கினேன். ஒரு சொல்லும் மெல்லப்படவில்லை. முப்பது வயதில் உரை சொல்லப் புகுந்தபோது அவை ஒவ்வொன்றாக மேலெழுந்து வந்து பொருள் தந்தன. பசு முன் விழுங்கிப் பின் அசைபோடுவதைப் பெர்ல்ஸ் கண்டிலர் போலும். விழுங்கப்பட்டது நஞ்சா உணவா என்பதும், பின்னர் அசைபோட இடமும் காலமும் கிடைத்தனவா என்பதும் ஆராயப்படல் வேண்டும், விழுங்கியதே குற்றமாகாது.

அட்டவணையின் முதல் வரிக்கு வருவாம். பிராய்டு இறந்தகாலத்தை நோக்குவார் என்பது அவர் 1914-இல் எழுதிய கட்டுரையொன்றைக் கருதாத கூற்று. மறந்ததை நோயாளி நினைவு கூர்வதில்லை, செயலாகத் திரும்பச் செய்கின்றான். ஆகலின் நோயைப் பழங்கதையாகக் கொள்ளாது, இன்று வலிசெய்து நிற்கும் ஆற்றலாகக் கொண்டே மருத்துவன் நடத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆகவே 'இன்று' என்பதைப் பெர்ல்ஸ் கண்டுபிடித்தாரல்லர். வேறுபாடு பிறிதோரிடத்தில் உளது. பிராய்டின் மரபில், நோயாளி காணாததை மருத்துவர் கண்டு பொருளுரைக்கின்றார். பெர்ல்சின் விதிப்படி மருத்துவர் பொருளுரைத்தல் கூடாது. கண்ணிற்பட்டதைச் சுட்டுதலே அவர் தொழில். பொருளை உணர்பவர் துயருற்றவரே. அறிவுக்கு உரியவர் யார் என்பதே ஈண்டு வழக்கு.

அவ்விதியை அவர் தாமே காத்தனரா என்பதை அறிய ஒரு நல்வாய்ப்பு உளது. 1964-இல் ஷோஸ்ட்ரம் என்பார், முப்பது வயதுடைய ஒரு மங்கையை ஒரே நாளில் மூன்று மருத்துவரிடம் பேசச் செய்து படம் பிடித்தனர். மறுவாண்டு அது வெளிவந்தது. கார்ல் ரோஜர்ஸ், பெர்ல்ஸ், ஆல்பர்ட் எல்லிஸ் என்பார் அம்மூவர். மங்கை கணவனைப் பிரிந்து மகளோடு வாழ்பவள். தன் ஒழுக்கம் பற்றி மகள் வினவியபோது உண்மை கூறாது மறைத்துவிட்டாள். அது நெஞ்சை அரிக்கின்றது. அப்படத்தையும் அதன் எழுத்துருவையும் நண்பர் எனக்குக் காட்டினார். இருமுறை கண்டேன்.

ரோஜர்ஸிடம் அவள் நேரே விடை கேட்கின்றாள்: மகளிடம் கூறலாமா, ஆகாதா? அவர் விடை கூறவில்லை. அவள் தடுமாற்றத்தை அவளினும் தெளிவாகச் சொல்லி, அவளோடு அத்தடுமாற்றத்திலேயே நிற்கின்றார். கிளிப்பிள்ளைபோலச் சொன்னதைச் சொல்கின்றார் என்று அவரை எள்ளுவோர் உளர். அற்றன்று. அரைமணி நேரத்தின் இறுதியில் அவள், உம்மைப்போன்ற தந்தை எனக்கு வாய்த்திலரே என்னும் கருத்துப்படப் பேசுகின்றாள். எனக்கும் நீ நல்ல மகளாகவே தோன்றுகின்றாய் என்னும் கருத்துப்பட அவர் விடையளிக்கின்றார். தந்தைமேற் கொண்ட ஏக்கத்தை ஆராயாது அதனுள்ளே தாமும் புகுந்துவிட்டார் என்று உளப்பகுப்பினர் குறைகூறுவர். அக்குறை முற்றும் பொய்யன்று. ஆயினும் அவள் முகத்தைக் கண்டவர் அதனை மிகுத்துக் கூறார்.

எல்லிஸ் தருக்கநூலார் கூட்டத்தில் வைத்தெண்ணத்தக்கவர். நிகழ்ச்சி நம்மைத் துன்புறுத்துவதில்லை, நிகழ்ச்சிபற்றிய நம் கொள்கையே துன்புறுத்துகின்றது என்னும் கிரேக்க அறிஞர் எபிக்டெட்டசின் கருத்தை 1955 முதல் மருத்துவமாக்கியவர். என்னளவில் மூவருள் அவரே எனக்கு மனத்துக்கு இனியவராதல் வேண்டும். வாதத்தில் வளர்ந்தவன் யான். படத்திலோ அவர் பேச்சே மிகுதி. ஓர் ஆடவன் உன்னை விரும்பாவிடின் அவன் விரும்பவில்லை என்பதே பெறப்படும், நீ பயனற்றவள் என்பது பெறப்படாது என்று அவர் காட்டும் அனுமானவழு மறுக்கவொண்ணாதது. ஆனால் வழுவை அறிந்த மாத்திரையே அச்சம் அகலுமாயின், தருக்கம் கற்றோர் எல்லோரும் அஞ்சாதவராயிருத்தல் வேண்டும். யான் அத்தகையோரை மிகச் சிலரே கண்டிருக்கின்றேன்.

இனிப் பெர்ல்ஸ். அஞ்சுகின்றேன் என்கின்றாள் மங்கை. அவ்வாறு கூறுங்கால் முறுவலிக்கின்றாள். அஞ்சுகின்றேன் என்கின்றாய், முகமோ சிரிக்கின்றது என்று அவர் உடனே சுட்டுகின்றார். ஒரு நொடியில் அவளுடைய வாழ்க்கைமுறை முழுதும் அவள் முன்னே நின்றுவிடுகின்றது. ஏனையிருவர் உரையாடலிலும் இத்துணைக் கூர்மையான ஓரிடத்தை யான் காணவில்லை. வருணனையின் வலிமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டா. ஆனால் அவர் அவ்வளவில் நின்றாரல்லர். நீ போலி என்று கூறிவிடுகின்றார். அவள் வெகுள்கின்றாள். அவர் மேலும் தூண்டுகின்றார்.

'முகம் சிரிக்கின்றது' என்பது கண்டது. 'நீ போலி' என்பது தீர்ப்பு. முன்னது எவ்வாறு என்பதைச் சார்ந்தது. பின்னதோ இவள் இத்தகையள் என்று பொருள் முடிப்பது. எப்பொருளுரையை மருத்துவர் கூறலாகாது என்று அவர் விலக்கினாரோ, அதனினும் கடியதொன்றை அவரே கூறினார். அன்றியும், அஞ்சி நிற்கும் ஒருத்திக்குப் புகழ்பெற்ற முதியவர் ஒருவர் தரும் அச்சொல், மெல்லாமல் விழுங்கப்படும் உருண்டையேயன்றி வேறென்ன? பிறர் ஊட்டியவற்றை உமிழச் செய்தற்கு வந்தவர் தாமே ஒன்றை ஊட்டினார்.

அற்றன்று, அவளைச் சினமூட்டி, அடங்கிக்கிடந்த வலிமையை எழுப்புதற்கே அவ்வாறு கூறினார், அவள் உமிழ்ந்தாளன்றோ? என்று அவர் பக்கத்தார் கூறுவர். நன்று. அங்ஙனமாயின் அவர் அச்சொல்லை உண்மையென்று கருதிக் கூறினரா, உபாயமாகக் கூறினரா? உண்மையெனக் கருதினரேல் தம் விதிக்கு மாறுபட்டார். உபாயமெனின், உள்ளொன்று வைத்துப் புறமொன்று கூறினமையின், போலி என்னும் அச்சொல் கூறினார்மேலேயே சென்று சாரும். இவ்விரண்டினொன்றிலிருந்தும் அவரை விடுவிக்கும் வழி எனக்குப் புலப்படவில்லை.

உரையாடல்கள் முடிந்தவுடன், தனக்கு மிகப் பயன்பட்டவர் பெர்ல்ஸ் என்னும் கருத்துப்பட அம்மங்கை கூறினாள் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. பிற்காலத்தில் அப்படம் திரையிடப்பட்டபோது, பெர்ல்ஸுக்குத் தன் வலிமையை விட்டுக்கொடுத்தமை குறித்து மிக வெகுண்டாள் என்று ரோஜர்ஸ் 1984-இல் எழுதிய குறிப்பால் அறிகின்றோம். அவர் ஒரு பக்கத்துச் சான்றாகலின் அளந்தே கொள்ளற்பாலது. ஆயினும் அவள் இறக்குந்துணையும் அவருக்கு மடல் எழுதிவந்தாள் என்பது அக்குறிப்பிலுள்ள செய்தி. அரைமணிப் பேச்சு அது.

இதனால் கெஸ்டால்ட் கொள்கை வீழ்ந்தது என்று துணிதல் பிழை. வீழ்ந்தது அதனைத் தோற்றுவித்தவர் நடந்துகொண்ட முறை. பெர்ல்ஸ் கலிபோர்னியாவில் கடற்கரையோர எசலனில் பெருங்கூட்டத்தின் முன் ஒருவரை அமர்த்தி அவரை மாற்றிக் காட்டிய நாள்களில், நியூயார்க்கில் லாரா அம்மையார் ஆரவாரமின்றித் தம் பணியை நடத்திவந்தார். துயருற்றவர்க்கு எத்துணைத் துணை வேண்டுமோ அத்துணை தருக என்பது அவர் கொண்ட நெறி. 1980-க்குப் பின்னர் யான்டெப் முதலியோர் மார்ட்டின் பூபரின் 'நான்-நீ' உறவை அடிப்படையாகக் கொண்டு இக்கொள்கையைத் திருத்தியமைத்தனர். அங்ஙனம் அமைந்தபின் அது ரோஜர்ஸுக்கு மிக அணுகிவிட்டது. கனடா நாட்டுக் கிரீன்பர்க் என்பார், ரோஜர்ஸ் காட்டிய பரிவையும் பெர்ல்ஸ் வைத்த வெற்று நாற்காலியையும் ஒருங்கு சேர்த்து, அதன் பயனை முறையாக ஆராய்ந்தும் காட்டினார். அட்டவணையில் வேறு வேறு கட்டத்தில் நிறுத்தப்பட்ட இருவர் ஓரறையிற் குடிபுகுந்தமையை நண்பர் குறிக்கவேயில்லை.

லீபர்மன், யாலம், மைல்ஸ் என்னும் மூவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணாக்கரிடை நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் ஈண்டு நினைக்கத்தக்கது. குழுவிற் சேர்ந்தோருட் சிலர்க்கு விளைந்த தீங்கு, தலைவர் எக்கொள்கையினர் என்பதைப் பொறுத்ததன்று. அவர் எவ்வாறு நடந்தார் என்பதைப் பொறுத்தது. ஆரவாரித்துத் தாக்கித் தூண்டிய தலைவரிடத்தே தீங்கு மிகுந்தது. கெஸ்டால்ட் பெயர் தாங்கிய இரண்டு குழுக்களே தம்முள் பெரிதும் மாறுபட்டன. ஆகவே கொள்கையைக் கொள்கையோடு ஒப்பிடுவோர் ஆளை ஆளோடு ஒப்பிடவும் மறத்தலாகாது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துரைத்தேன். அவர் சிறிது வருந்தினார். பின்னர் அட்டவணையை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் அம்மூன்று உரையாடல்களின் முதற்பகுதியை மொழிபெயர்த்து வைக்க இசைந்தார். 'முழுமை மருத்துவம்' என்பதை விடுத்துக் கெஸ்டால்ட் என்றே வழங்குவதென்றும் முடிவாயிற்று. ஒரு சொல் மட்டும் இன்னும் அமையவில்லை. உயிரும் சூழலும் எல்லையில் ஒன்றையொன்று சந்தித்து, இரண்டும் அழியாமலும் ஒன்றாகிவிடாமலும் நிற்கும் நிகழ்ச்சியை இவர்கள் ஒரு சொல்லாற் கூறுகின்றனர். நண்பர் 'தொடர்பு' என்று வைத்தார். அது கடிதப் போக்குவரத்தையும் குறிக்கும். யான் 'தீண்டல்' என்றேன். அது வேறு வழியிற் பழிபட்ட சொல் என்று அவர் அஞ்சுகின்றார். 'மருவல்' என்பது பொருந்துமேனும் இக்காலத்து மாணாக்கர்க்கு விளங்குமோ என்னும் ஐயம் உளது. தக்க சொல் தோன்றப்பெற்ற அறிஞர் எழுதியுதவுவராயின், நூல் அச்சேறுமுன் நண்பரிடம் சேர்ப்பிப்பேன்.